‘சகஜம்’ என்ற சொல்லால் விளையும் கேடு

2017-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய காண்பெராவில், பார்லிமெண்ட் மாளிகையில் நடந்த ஒரு கூட்டத்தில் அத்தேசத்துச் சுகாதார மந்திரி கிரெக் ஹண்ட் மன்னிப்புக் கேட்டார். மந்திரிகள் மன்னிப்புக் கேட்பது அபூர்வம். கேட்டாலும், வாய் தவறிப் பேசிய பேச்சுக்காகவோ, கணக்கில் அகப்பட்டுக்கொண்ட பணத்துக்காகவோ கேட்பது வழக்கம். இவர் கேட்டதோ ஒரு வியாதியின் பொருட்டு. அவ்வியாதியால் துன்புற்ற ஸ்திரீகளை நெடுங்காலம் அசட்டை செய்துவந்ததற்காக, பார்லிமெண்டார் சார்பிலும், தேசத்தின் வைத்திய ஏற்பாடுகளுக்குப் பொறுப்பாளிகளாக இருந்தவர்கள் சார்பிலும் அவர் மன்னிப்பை வேண்டினார். அடுத்த வருஷம் ஜூலையில் அந்த ஒரு வியாதிக்கென்றே தேசியத் திட்டமொன்று வெளியாயிற்று. 2022-ம் வருஷம் ஜனவரியில் பிரெஞ்சு ராஷ்டிரபதி மாக்ரோன் அதே வியாதியை எதிர்க்கத் தம் தேசத்திலும் ஒரு திட்டம் வகுக்கப்படும் என்று அறிவித்தார். அதே வாரத்தில், இதை நீடித்த நோய்களின் ஜாபிதாவில் சேர்க்க வேண்டுமென்று பிரெஞ்சு ஜனப்பிரதிநிதி சபை ஏகமனதாகத் தீர்மானித்தது.

வியாதியின் பெயர் எண்டோமெட்ரியோஸிஸ். நமது நேயர்களில் அநேகர் இப்பெயரைக் கேட்டிரார். அது அவர்கள் குற்றமன்று. இந்நோயை உடலில் சுமந்துகொண்டிருக்கும் ஸ்திரீகளிலேயே அநேகர் பல வருஷம் கழித்துத்தான் இப்பெயரைக் கேள்விப்படுகிறார்கள். ஆனால் இது லட்சத்தில் ஒருவருக்கு வரும் விசித்திர நோயென்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளை பெறும் பருவத்திலுள்ள பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகத்தில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நமது தேசத்தில் அப்பருவத்துப் பெண்கள் 35 கோடிக்குக் குறையார். பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

“இது பெண்கள் சமாசாரம், ராஜீய விஷயங்களை விவாதிக்கும் பக்கத்தில் இதற்கு என்ன வேலை?” என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். வேண்டுமென்றேதான் இங்கு எழுதுகிறோம். வீட்டில் எவரை எப்போது வைத்தியரிடம் அழைத்துப் போவது, எவ்வளவு செலவிடுவது, எந்த ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது என்பவற்றையெல்லாம் இன்றைக்கும் பெரும்பாலான குடும்பங்களில் தீர்மானிப்பவர்கள் ஆண்களே. ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் ஒதுக்கும் சட்டசபைகளிலும் அவர்களே மிகுதி. தீர்மானிக்கிறவனுக்கு விஷயம் தெரியாதிருப்பது நியாயமாகாது.

நோயின் இயல்பு

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. மாதந்தோறும் ஹார்மோன்களின் ஏவலால் அது தடித்து வளர்ந்து, கரு தங்காவிடில் சிதைந்து உதிரமாய் வெளியேறும். இதுவே மாதவிலக்கு. எண்டோமெட்ரியோஸிஸ் என்ற நோயில், இப்படலத்தை ஒத்த திசு கர்ப்பப்பைக்கு வெளியே, இருக்கத்தகாத இடங்களில் வேரூன்றி விடுகிறது. சூற்பைகளின் மேல், கர்ப்பப்பைக்குப் பின்னுள்ள பள்ளத்தில், வயிற்றறையை மூடிய சவ்வில், குடலின் மேல், மூத்திரப்பையின் மேல் இது படியும். அங்கிருந்துகொண்டே மாதாமாதம் ஹார்மோன்களின் ஏவலுக்கு இணங்கி வீங்கும், கசியும். கர்ப்பப்பையில் உண்டாகும் உதிரத்துக்கு வெளியே போக வழி உண்டு. இதற்கு வழியில்லை. ஆகவே சுற்றிலும் அழற்சி உண்டாகிறது. அழற்சி ஆறித் தழும்பாகிறது. தழும்புகள் நார்போலத் திரண்டு, தனித்தனியே வழுக்கி அசைய வேண்டிய உறுப்புக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விடுகின்றன. சூற்பையினுள் இது வளர்ந்தால் பழைய உதிரம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டியிலுள்ள திரவம் சாக்லேட் குழம்பின் நிறமாயிருப்பதால் வைத்தியர்கள் அதைச் ‘சாக்லேட் கட்டி’ என்பார்கள்.

இது புற்றுநோயன்று, தொத்துவியாதியுமன்று. ஆனால் இதனால் விளையும் வேதனை சாமானியமானதன்று. மாதவிலக்கின்போது எழுந்து நிற்க முடியாத வலி, மலஜலம் கழிக்கையில் வலி, தாம்பத்தியத்தின்போது வலி, தீராத அயர்ச்சி, வயிற்று உப்புசம் முதலியவை இதன் குறிகள். வருஷங்கள் செல்லச் செல்ல நரம்புகளே வலிக்குப் பழகிப்போய், மாதத்தில் இரண்டு நாள் இருந்தது இருபது நாளாகி விடுவதும் உண்டு. சிலருக்கு உதரவிதானத்தில் படிந்து தோள்பட்டையில் வலி காட்டும். சிலருக்குச் சிறுநீர்க் குழாயை நெரித்து, யாதொரு அறிகுறியுமின்றிச் சிறுநீரகத்தையே பாழாக்கும். இந்நோயுற்றவர்களில் மூவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை கர்ப்பந்தரிப்பதில் சிரமப்படுகிறார்கள் என்பது வைத்தியர்களின் கணக்கு.

இன்னொரு விந்தையுண்டு. வலியின் அளவும் நோயின் அளவும் ஒத்துப்போவதில்லை. கடுகளவு படிந்தவள் துடிதுடிப்பாள். வயிற்றறை முழுதும் பரவியவள் வலியே அறியாமல், பிள்ளையில்லை என்று பரீக்ஷைக்குப் போன இடத்தில் தற்செயலாய் அறிவாள். ஆதலால், “இவ்வளவு சிறிய நோய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்பதற்கு எந்த வைத்தியருக்கும் பாத்தியதையில்லை.

நண்பர் வீட்டுச் செய்தி

நமது நண்பர் ஒருவர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர். பெண் கல்வியைப் பற்றி மேடையில் மணிக்கணக்காய்ப் பேசுவார். அவருடைய மகள் பத்தாம் வகுப்புப் பரீக்ஷையன்று பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான், தம் பெண் இரண்டு வருஷங்களாக மாதத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்குப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. “ஏன் என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை?” என்று மனைவியைக் கேட்டார். “இதெல்லாம் உங்களிடம் சொல்லுகிற சமாசாரமா?” என்று அந்த அம்மாள் பதில் சொன்னாள். பாட்டியோ, “எங்களுக்கெல்லாம் இல்லாததா? சகஜந்தான். கல்யாணமானால் சரியாகிவிடும்” என்றாள். அழைத்துப்போன வைத்தியரும் ஏறக்குறைய அதையே இங்கிலீஷில் சொன்னார். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இருபத்துமூன்றாவது வயதில் கல்யாணமாயிற்று. சரியாகவில்லை. மூன்று வருஷம் கழித்து, குழந்தையில்லை என்ற காரணத்துக்காக வேறொரு வைத்தியரிடம் போனார்கள். தொப்புளருகே சிறு துவாரமிட்டு, குழாயொன்றை உள்ளே செலுத்திப் பார்க்கும் லாபராஸ்கோபி என்ற பரீக்ஷையில், இரண்டு சூற்பைகளிலும் சாக்லேட் கட்டிகள் இருப்பதும், குடல் கர்ப்பப்பையோடு ஒட்டிக் கிடப்பதும் தெரிந்தன. பதினான்கு வயதில் தொடங்கிய நோய்க்கு இருபத்தாறு வயதில் பெயர் கிடைத்தது. வலியென்று அவள் சொன்னபோது கிடைக்காத பரிசோதனை, வம்சம் தழைக்கவில்லை என்றதும் கிடைத்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தத் தாமதம் நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அனைவருக்கும் இலவச வைத்தியம் உள்ள பிரிட்டனில், பார்லிமெண்ட் அங்கத்தினர் குழுவொன்று 2020-ம் வருஷம் அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோயின் பெயர் தெரியும் வரை சராசரி எட்டு வருஷம் கழிகிறது என்று கூறியது. விசாரிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோய் நிர்ணயமாகுமுன் தங்கள் வைத்தியரிடம் பத்துத் தடவைக்கு மேல் போயிருந்தனர். எட்டு வருஷமென்றால், ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு, முதல் உத்தியோகம், கல்யாணம் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்.

ஹிலாரி மாண்டெல்

இங்கிலீஷ் நாவலாசிரியை ஹிலாரி மாண்டெலின் பெயரை இலக்கியப் பிரியர்கள் அறிவார்கள். 2009-லும் 2012-லும் புக்கர் பரிசைப் பெற்றவர். அப்பரிசை இருமுறை பெற்ற முதல் பெண்மணி. 2003-ல் வெளியான தமது சுயசரிதையில் இவ்வியாதி தம்மை என்ன செய்ததென்று அவரே விவரித்திருக்கிறார்.

சட்டக் கல்லூரி மாணவியாயிருந்தபோது, இருபது வயதுச் சுமாரில், காலிலும் வயிற்றிலும் வலியென்று அவர் வைத்தியரிடம் போனார். உடலில் ஒன்றுமில்லை, மனத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். மனோவியாதி வைத்தியரிடம் அனுப்பினார்கள். மிதமிஞ்சிய ஆசையே இவ்வளவுக்கும் காரணம் என்பது அங்கே கிடைத்த தீர்ப்பு. சித்தப்பிரமை கொண்டவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளை அவருக்குக் கொடுத்தார்கள். அம்மருந்துகளால் அவர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தார். அத்தவிப்பும் மனோவியாதிக்கு அத்தாட்சியாகவே கொள்ளப்பட்டது. கதை எழுதுவதாகச் சொன்னபோது, எழுதக் கூடாது என்று அந்த வைத்தியர் கட்டளையிட்டாராம்!

பிறகு கணவருடன் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா தேசத்தில் வசிக்கையில், வைத்திய நூல்களைத் தாமே புரட்டிப் பார்த்து, தம்முடைய நோய் இன்னதென்று கண்டுபிடித்தார். அவர் கண்டது சரியென்று லண்டன் ஆஸ்பத்திரியில் உறுதியாயிற்று. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபத்தேழாவது வயதில் கர்ப்பப்பையையும் சூற்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைப்பேறு என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. அவ்வளவு கொடுத்தும் நோய் விடவில்லை, திரும்பி வந்தது. 2022-ல் காலமாகும் வரையில் அதன் விளைவுகளுடனேயே அவர் வாழ்ந்தார். சட்டம் படித்த, நூல்களைப் புரட்டத் தெரிந்த, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் கைக்கெட்டிய ஒருவரின் கதி இது.

வைத்தியர்களின் தப்பெண்ணம்

அமெரிக்காவில் அல்பனி நகரத்து வைத்தியர் ஜான் ஸாம்ப்ஸன் 1921-ல் சாக்லேட் கட்டிகளை விவரித்து எழுதினார். மாதவிலக்கின்போது உதிரத்தில் ஒரு பகுதி சூற்குழாய்களின் வழியே பின்னோக்கி வயிற்றறைக்குள் சென்று அங்கே பயிராகிறது என்ற கொள்கையை 1927-ல் வெளியிட்டார். அவ்வாறு பின்னோக்கிச் செல்வது உண்மையே. ஆனால் அது நூற்றுக்குத் தொண்ணூறு பெண்களுக்கு நேர்கிறதென்று பிற்காலத்தில் தெரிந்தது. நோயோ பத்துப் பேருக்கு மாத்திரம் வருகிறது. ஆகையால் உடலின் காப்புச் சக்தி, பரம்பரை முதலியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்று இப்போது கருதுகிறார்கள். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததில், நோய் வருவதற்கான காரணங்களில் ஏறக்குறையப் பாதி பரம்பரையைச் சேர்ந்ததென்று தெரிகிறது. 60,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்து 2023-ல் வெளியான ஆராய்ச்சி, இந்நோயோடு சம்பந்தப்பட்ட 42 இடங்களைச் சுட்டிக்காட்டியது. ஒரு பெண் உண்ட உணவோ, உடுத்திய உடையோ, படித்த படிப்போ இதற்குக் காரணமென்று சாஸ்திரம் சொல்லவில்லை.

ஆனால் வைத்தியர்கள் சொன்னார்கள். 1940-களில் போஸ்டன் நகரத்துப் பிரபல வைத்தியர் ஜோ வின்ஸென்ட் மெய்க்ஸ், பெண்கள் காலந்தாழ்த்தி மணம் புரிந்து, காலந்தாழ்த்திப் பிள்ளை பெறுவதால்தான் இந்நோய் பெருகுகிறதென்று கருதி, சீக்கிரம் மணம் செய்துகொள்ளும்படி உபதேசித்தார். அவரிடம் சிகிச்சைக்கு வரக்கூடிய வசதி படைத்தவர்கள் எத்தகைய பெண்களோ, அத்தகையவர்களிடம் நோய் மிகுந்திருந்ததில் ஆச்சரியமென்ன? நாளடைவில் இது ‘உத்தியோகம் பார்க்கும் பெண்களின் நோய்’ என்றும், வெள்ளைக்காரப் பணக்கார ஸ்திரீகளின் நோய் என்றும் பாடமாகிவிட்டது. நீக்ரோ இனத்துப் பெண் அதே வலியோடு வந்தால், தகாத ஒழுக்கத்தால் வந்த தொத்துநோயென்று எழுதிவிடுவார்கள். 1976-ல் டொனால்ட் சாட்மன் என்ற வைத்தியர், அவ்வாறு தொத்துநோய் என்று முத்திரையிடப்பட்ட கறுப்பினப் பெண்களைச் சோதித்தபோது, பலருக்கு இருந்தது எண்டோமெட்ரியோஸிஸே என்று கண்டார். படித்தவளாயின் ஆசை மிகுந்தவள், ஏழையாயின் ஒழுக்கங் கெட்டவள். வலியைத் தவிர மற்றெல்லாவற்றையும் நம்பிவிட்டார்கள்.

‘கல்யாணமானால் சரியாகும்’, ‘ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும்’ என்ற நம் வீட்டு வசனங்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் சிலருக்குத் தற்காலிகமாக வலி அடங்கலாம், நோய் தீர்வதில்லை. நோயைத் தீர்க்கும் நோக்கத்துடன் கர்ப்பந்தரிக்கும்படி பெண்களுக்கு யோசனை சொல்லலாகாது என்று, சந்தான விருத்தி வைத்தியர்களின் ஐரோப்பிய சங்கம் 2022-ல் வெளியிட்ட விதிகளில் தெளிவாகவே கூறியிருக்கிறது.

பீட் ஜில்லாவில் நடந்தது

அசட்டைக்கு எதிர்க்கோடி ஒன்றுண்டு; அது அசட்டையினும் கொடிது. மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவிலிருந்து வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகின்றன. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் காண்டிராக்டர் அபராதம் போடுவான். மாதவிலக்கு வலியோ, வெள்ளைப்படுதலோ, எது சொல்லிக்கொண்டு வந்தாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே வைத்தியமாக நடந்துவந்தது. 2019-ல் கூச்சல் கிளம்பி, சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தார்கள். அந்த ஜில்லாவில் விசாரிக்கப்பட்ட சுமார் 82,000 கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கு மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை இழந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் அநேகர் நாற்பது வயதைத் தாண்டாதவர்கள்.

அவர்களுள் எத்தனை பேருக்கு எந்த நோய் இருந்ததென்று யாரும் சோதித்துப் பார்த்து அறுக்கவில்லை. எண்டோமெட்ரியோஸிஸ் கர்ப்பப்பைக்கு வெளியே உள்ள நோய். கர்ப்பப்பையை மாத்திரம் எடுத்தெறிந்தால், குடலிலும் சவ்விலும் படிந்தது அங்கேயே இருக்கும். கூடவே சூற்பைகளையும் எடுத்துவிட்டால் முப்பது வயதுக்காரிக்கு முதுமை வந்து எலும்பு தேயும். தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்கும் விதிகளை மாகாணங்கள் மூன்று மாதத்துக்குள் அமுலுக்குக் கொண்டுவர வேண்டுமென்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டனர்.

பின் என்ன சிகிச்சை உண்டு? நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்கும் மார்க்கங்கள் உண்டு. வலி மாத்திரைகள், கர்ப்பத்தடை மாத்திரைகள், டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மருந்துகள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் முதலியவற்றால் பலருக்கு மாதவிலக்கு மட்டுப்பட்டு வலி தணிகிறது. மணமாகாத பெண்ணுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையா என்று பெற்றோர் பதறுவதை வைத்தியர்கள் தினந்தோறும் காண்கிறார்கள். மருந்துக்கு இட்ட பெயரைக் கண்டு அஞ்சி மருந்தைத் தள்ளலாகாது. மருந்துக்கு அடங்காதபோது, தேர்ந்த கைகளால் லாபராஸ்கோபி வழியே படிவுகளை வெட்டியெடுப்பது பலன் தரும். அதன் பின்னும் சில வருஷங்களில் மீளுவது உண்டாகையால், ஒரு ஆபரேஷனோடு முடிந்ததென்று வாக்குக் கொடுப்பவரிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். ஸ்கான் படத்தில் கட்டிகள் தெரியும். மேலோட்டமான படிவுகள் தெரியாது. ‘ஸ்கானில் ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘நோயில்லை’ என்று அர்த்தம் செய்துகொண்டு வீட்டுக்குத் திரும்புவது பெரும் பிழை. ஆபரேஷன் செய்து ஊர்ஜிதமாகும் வரை மருந்தைத் தாமதிக்க வேண்டியதுமில்லை.

சட்டசபையில் கேட்க வேண்டியவை

மாதவிலக்கு விடுமுறையைப் பற்றி நம் தேசத்தில் விவாதம் நடந்துவருகிறது. பீகார் சர்க்கார் 1992-லேயே தங்கள் பெண் உத்தியோகஸ்தர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுமுறை அளித்தார்கள். ஸ்பெயின் தேசம் 2023-ல், கடும் மாதவிலக்கு வலியால் வேலை செய்ய இயலாதவர்களுக்கு வைத்தியர் சீட்டின் பேரில் சர்க்கார் செலவில் விடுமுறை தரச் சட்டம் செய்தது. நமது சுப்ரீம் கோர்ட்டார் 2024 ஜூலையில், இது சர்க்கார் தீர்மானிக்க வேண்டிய விஷயமென்று கூறி, மாதிரி ஏற்பாடொன்றை யோசிக்கும்படி மத்திய சர்க்காருக்குச் சொன்னார்கள். கட்டாய விடுமுறையால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு வைக்கத் தயங்குவார்களோ என்ற கவலையையும் வெளியிட்டனர். விடுமுறை வேண்டியதே. ஆனால் நோய் இன்னதென்று பாராமல் விடுமுறை மாத்திரம் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்காரனுக்குக் குடை கொடுப்பதை ஒக்கும்.

மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியப் பெண்களிடம் இந்நோய் எவ்வாறு தோன்றுகிறது என்று பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி நடத்தி வருகிறார்கள். வெள்ளைக்காரப் பெண்களின் உடலிலிருந்து எழுதிய பாடத்தையே நாம் இதுகாறும் படித்துவந்தோம் என்பதால் இம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆராய்ச்சியின் பயன் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எப்போது வந்துசேரும் என்பதே கேள்வி.

பொதுவாழ்வில் உள்ள நமது நேயர்கள் சிலவற்றைக் கேட்டறியலாம். தங்கள் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியில் வயிற்று வலியென்று வரும் பள்ளிப் பெண்ணை இந்நோயின் பொருட்டுப் பரிசோதிக்கத் தெரிந்த வைத்தியர் இருக்கிறாரா? ஹார்மோன் மருந்துகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றனவா, அல்லது சீட்டெழுதி வெளிக் கடைக்கு அனுப்புகிறார்களா? நாற்பது வயதுக்குட்பட்ட எத்தனை பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது, என்ன காரணம் எழுதப்பட்டது? மாதத்தில் அதே இரண்டு நாட்கள் வராதிருக்கும் பெண்ணைப் பற்றி, வருகைப் புஸ்தகத்தைப் பார்க்கும் வாத்தியாரம்மாள் பெற்றோருக்குச் சொல்லியனுப்புகிறாரா? சட்டசபையில் ஓர் அங்கத்தினர் எழுந்து இவற்றைக் கேட்டால், மந்திரி பதில் சொல்லியாக வேண்டும்.

நமது நண்பரின் மகளுக்கு இப்போது வயது இருபத்தெட்டு. ஆபரேஷனுக்குப் பின் மருந்து சாப்பிட்டுவருகிறாள்; வேலைக்கும் போகிறாள். அவளுடைய தங்கைக்குச் சென்ற வருஷம் பதினைந்து வயதில் அதே வலி தொடங்கிற்று. இம்முறை தகப்பனாரிடம் முதலில் சொன்னது அந்தப் பாட்டிதான்.